ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறீர்களா? பழைய போனை உடனே கொடுத்துவிடாதீர்கள்

புதுப் போன் வாங்கும் நாளில் கடைக்காரர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "படம், காண்டாக்ட் எல்லாம் வந்துடுச்சா, பாத்துக்குங்க." பார்ப்போம், வந்திருக்கும். பழைய போனை இங்கேயே கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறோம் என்பார். கொடுத்துவிடலாமா?

வேண்டாம். குறைந்தது இரண்டு வாரத்துக்காவது கையில் வைத்திருங்கள்.

அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடம் ஆண்ட்ராய்டு வைத்திருந்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐபோனுக்கு மாறினேன். வீட்டுக்கு வரும் வழியில் எம்ஆர்டியில் உட்கார்ந்தே புதுப் போனை அமைத்து முடித்துவிட்டேன். ரொம்பப் பெருமை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், பழைய அரட்டைகள் ஒன்றுகூட இல்லை. அதில்தான் இறந்துபோன என் பாட்டியின் குரல் பதிவுகள் இருந்தன. "சாப்டியாம்மா?" என்று ஆரம்பித்து, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் டிவி சத்தத்தோடு முடியும் பதிவுகள். அன்று இரவே அம்மாவுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. அதுவும் முடியவில்லை.

பழைய போன் பையில் இருந்ததால் தப்பித்தேன்.

போனில் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, உங்களிடம் இருப்பவை: படம், தொடர்பு எண், நாட்காட்டி. இவை எளிதாக மாறும். இன்னொன்று, நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபிப்பவை: வங்கியின் மின்னிலக்க டோக்கன், சிங்பாஸ், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடுகள். இவை தானாக மாறாது. மாறக்கூடாது என்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

எதெல்லாம் சுலபமாக வரும்?

ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி 2015 முதல் கூகல் பிளேயில் இருக்கிறது. எதிர்த்திசையில், ஆண்ட்ராய்டுக்கு வருகிறவர்கள் இரண்டு போனையும் கேபிளால் இணைத்து மாற்றலாம். சாம்சுங் தனக்கென்று 'ஸ்மார்ட் ஸ்விட்ச்' வைத்திருக்கிறது. படம், எண்கள், குறுஞ்செய்திகள் பெரும்பாலும் பத்திரமாக வந்து சேரும்.

காசு கொடுத்து வாங்கிய செயலி வராது. ஒரு கடையில் வாங்கியதை இன்னொரு கடை ஏற்காது, அவ்வளவுதான். மாதச் சந்தாக்களைக் கவனியுங்கள். ஆப்பிள் மூலம் கட்டிவந்த சந்தா, நீங்கள் ஐபோனை விட்டாலும் கடன்பற்று அட்டையிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். மாறுவதற்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை?

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் பேக்கப்பை கூகல் கணக்கில் வைக்கிறது. ஐபோனில் ஐகிளவுடில் வைக்கிறது. ஒன்றை மற்றொன்றால் படிக்க முடியாது. நேற்று இரவு பேக்கப் எடுத்தேனே என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பேக்கப் இருக்கும், ஆனால் தவறான பக்கத்தில் இருக்கும்.

பல வருடம் இதற்கு அதிகாரபூர்வ வழியே இருக்கவில்லை. 2021இல் ஐபோனிலிருந்து சாம்சுங் போன்களுக்கு மாற்ற முதலில் வழி வந்தது. பிறகு மற்ற ஆண்ட்ராய்டு போன்களுக்கும் விரிந்தது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கான வழி 2022இல் வந்தது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. மாற்றம் நடக்க வேண்டிய நேரம், புதுப் போனை முதன்முதலில் அமைக்கும்போது. ஐபோன் புத்தம் புதிதாக இருக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். எம்ஆர்டியில் நான் செய்த தப்பு இப்போது புரிந்திருக்கும். அமைத்து முடித்த ஐபோனை மறுபடி முழுக்க அழித்து, 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியில் வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுத்து, இரண்டு போனையும் மின்னூட்டத்தில் போட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். விடிவதற்குள் பாட்டி வந்துவிட்டார்.

தொலைபேசி எண் இரண்டு போனிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அழைப்புப் பட்டியல் வராது. மாற்றிய பிறகும் பழைய போனில் உள்ள அரட்டைகள், நீங்களாக அழிக்கும்வரை அங்கேயே இருக்கும். அதனால் உடனே அழிக்காமல், ஒரு பழைய குழுவைத் திறந்து, மேலே மேலே தள்ளிப் பாருங்கள். படங்களும் குரல் பதிவுகளும் உண்மையிலேயே திறக்கின்றனவா? திறந்தால்தான் வந்ததாக அர்த்தம்.

வங்கி: ஏன் 12 மணி நேரம்?

பெரும்பாலானவர்கள் எரிச்சலடைவது இதில்தான். புதுப் போனில் வங்கிச் செயலியை இறக்கி, மின்னிலக்க டோக்கனை அமைத்துவிட்டீர்கள். ஆனாலும் புதிதாக ஒருவருக்குப் பணம் அனுப்பப் போனால், 'காத்திருங்கள்' என்கிறது. நம் காசு, நம் போன், நம் கைரேகை. பிறகு என்ன?

காரணம் 2021 டிசம்பரில் இருக்கிறது. ஓசிபிசி வங்கியிடமிருந்து வந்ததுபோலவே தோன்றிய போலிக் குறுஞ்செய்திகளை நம்பி, 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். மோசடிக்காரர்கள் செய்த முக்கியமான வேலை, வாடிக்கையாளரின் டோக்கனைத் தங்கள் போனில் அமைத்துக்கொண்டதுதான். வங்கியின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு வாடிக்கையாளர் போன் மாற்றியதுபோலத்தான் தெரியும். உங்களையும் திருடனையும் பிரித்துப் பார்க்க அந்த நேரத்தில் வேறு வழி இல்லை.

அதனால் 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் புதிய நடவடிக்கைகளை அறிவித்தன. புதிய டோக்கன் செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. உண்மையான உரிமையாளருக்கு 'உங்கள் டோக்கன் வேறு போனுக்கு மாறுகிறது' என்ற தகவல் போய்ச் சேர்ந்து, அவர் வங்கியை அழைப்பதற்கான அவகாசம் அது. வெள்ளிக்கிழமை இரவு எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அம்மாவின் கணக்குக்கு இதே பூட்டு இருக்கிறது என்று நினைக்கும்போது, அந்தக் கோபம் அவ்வளவாக நிற்கவில்லை.

2024 ஜூலையில் இன்னொரு அறிவிப்பு வந்தது. மின்னிலக்க டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு, வங்கிக் கணக்கில் நுழையக் குறுஞ்செய்தி வழி ஓடிபி அனுப்புவதை முக்கிய வங்கிகள் படிப்படியாக நிறுத்தும் என்பதே அது. முன்பெல்லாம் சிம் கார்டை மாற்றிப் போட்டால் ஓடிபி பின்னாலேயே வந்துவிடும். இப்போது சாவி சிம்மில் இல்லை, போனில் இருக்கிறது. மலேசியாவில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளில், ஒரு வாடிக்கையாளருக்குச் சரிபார்ப்புக்கு ஒரே ஒரு சாதனம் என்பதும், முதல்முறை பதிவு செய்யும்போது காத்திருப்பு நேரம் என்பதும் உண்டு. ஜோகூரிலிருந்து தினமும் வந்து வேலை பார்ப்பவர் போன் மாற்றினால் இரண்டு நாட்டுப் பூட்டையும் திறக்க வேண்டும்.

எனவே, அவசரமாகக் கட்ட வேண்டியதைப் பழைய போனிலேயே கட்டி முடியுங்கள். அதன் பிறகு புதுப் போனில் டோக்கனை அமையுங்கள். புதியது வந்ததும் பழையது பொதுவாகச் செயலிழந்துவிடும், திரும்பிப் போக முடியாது. அப்பா அம்மாவுக்கு நீங்கள்தான் போன் மாற்றிக் கொடுக்கிறீர்கள் என்றால், அவர்கள் இந்தியாவுக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சிங்பாஸையும் புதிதாகத்தான் அமைக்க வேண்டும். இங்கே பலர் மாட்டிக்கொள்வது தொழில்நுட்பத்தால் இல்லை. கைரேகை வைத்தே பழகிவிட்டதால் மறைச்சொல் மறந்துபோயிருக்கும். பதிவில் இருப்பது மூன்று வருடத்துக்கு முந்தைய எண்ணாக இருக்கும். இரண்டையும் பழைய போன் வேலை செய்யும்போதே சரிபார்த்துவிடுங்கள்.

ஆறு இலக்கக் குறியீடு தரும் செயலியைப் பயன்படுத்துகிறீர்களா?

மின்னஞ்சல், இன்ஸ்டகிராம், பல்கலைக்கழகக் கணக்கு போன்றவற்றுக்கு முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் குறியீடு தரும் செயலி வைத்திருப்பீர்கள். கூகல் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரலில்தான் குறியீடுகளைக் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்தது. அதை இயக்கியிருந்தால் பிரச்சினை இல்லை. இயக்காவிட்டால், பழைய போனிலிருந்து கியூஆர் குறியீட்டை எடுத்துப் புதியதில் ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய போன் கடைக்காரரிடம் இருந்தால் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக அலைய வேண்டியதுதான்.

ஐபோனை விட்டுப் போகிறவர்களுக்கு

சிம்மைக் கழற்றுவதற்கு முன் அமைப்புகளில் ஐமெசேஜை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால், ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் ஆப்பிளின் வழியிலேயே போய், உங்களுக்கு வராமலே போகலாம். மறந்துவிட்டால் ஆப்பிளின் இணையத்தளத்திலும் எண்ணை நீக்கலாம். 2014 முதல் அந்த வசதி இருக்கிறது. எல்லாருமே வாட்ஸ்அப்பில் இருக்கும் நம் ஊரில் அமெரிக்கர்களின் 'பச்சைக் குமிழ்' சண்டை யாருக்கும் புரியாது. ஆனால் காணாமல் போகும் செய்தி எல்லாருக்கும் புரியும்.

இதையெல்லாம் இன்னும் சுலபமாக்க முடியாதா?

வங்கிப் பூட்டு வேறு, வியாபாரப் பூட்டு வேறு. முதலாவது உங்களைக் காப்பாற்ற இருக்கிறது. இரண்டாவது நீங்கள் கிளம்பிவிடாமல் இருக்க இருக்கிறது. ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது. சாம்சுங்கின் கேலக்ஸி வாட்ச் 4க்குப் பிந்தையவை ஐபோனோடு சேராது. போனை மாற்றினால் கைக்கடிகாரத்தையும் மாற்று என்பதுதான் அதன் பொருள்.

இது வெறும் சந்தேகம் இல்லை. எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஆப்பிள் அதிகாரி ஃபில் ஷில்லர் 2016இல் எழுதிய மின்னஞ்சல் 2021இல் வெளிவந்தது. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோனால் நமக்கு நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம் என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள்மீது தொடுத்த ஏகபோக வழக்கிலும், வேறு போனுக்கு மாறுவதை அந்நிறுவனம் கடினமாக்குகிறது என்பது ஒரு குற்றச்சாட்டு. ஆப்பிள் அதை மறுக்கிறது. சட்டம் அழுத்தினால் சில விஷயம் நகரத்தான் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பொதுவான மின்னூட்டியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. 2023இல் ஐபோன் 15 யூஎஸ்பி-சிக்கு மாறியது. இப்போது நம் வீட்டில் ஒரே கேபிளுக்கு மூன்று பேர் சண்டை போடுகிறோம், அது வேறு.

தமிழ் விசைப்பலகை?

ஐபோனில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் இரண்டு தளத்திலும் கிடைக்கிறது. ஆனால் பழைய விசைப்பலகை உங்களிடம் கற்றுக்கொண்ட சொற்கள் கூடவே வராது. சித்தப்பா பெயரை அது மறுபடி தப்பாகத் திருத்தும். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய போனை எப்போது விடலாம்?

இரண்டு வாரம் அதைத் தொடாமலே இருந்தீர்கள் என்றால் தயார். ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை' வசதியை நிறுத்தி ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கூகல் கணக்கை நீக்குங்கள். அதன் பிறகுதான் முழுமையாக அழிக்க வேண்டும். இந்த வரிசை தவறினால், வாங்குபவரால் போனைத் திறக்க முடியாமல் உங்களுக்கே அழைப்பு வரும்.

அதுவரை எம்ஆர்டியில் ஒரு விஷயம். இரண்டு போனிலும் ஒரே வங்கி அட்டையைச் சேர்த்திருந்தாலும், பயணக் கட்டண முறைக்கு அவை இரண்டு வேறு அட்டைகள். நுழையும்போது தட்டிய போனையே வெளியேறும்போதும் தட்டுங்கள்.