பதினைஞ்சு டாலர் அட்டை: சமையற்கட்டுக்குள் பரீட்சை வந்த கதை

இன்னைக்குக் கதையை ஒரு பொத்தான்ல இருந்து தொடங்கலாம்.

கலிஃபோர்னியாவுல ஒரு பர்கர் கடை. அங்க வேலைக்குச் சேர்ந்து மூணு வாரம் ஆன ஒரு பையன்னு வெச்சுக்குவோம். ராத்திரி பதினொண்ணு மணிக்கு ஷிஃப்ட் முடியுது. பஸ்ல ஜன்னலோர சீட்ல உட்கார்ந்து போன்ல ஒரு வீடியோ பாடம் பார்க்கிறான். கையை எப்படிக் கழுவணும், பச்சைக் கோழியை ஃபிரிட்ஜ்ல எந்தத் தட்டுல வைக்கணும், எத்தனை டிகிரியில கிருமி சாகும். இறங்குற இடம் வந்துடுது. பாஸ் பட்டனை அமுக்குறான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, விட்ட இடத்துல இருந்து மறுபடி. கடைசியில நாற்பது கேள்வி. தேறினா ஒரு சான்றிதழ், அதுக்குப் பேரு ஃபுட் ஹாண்ட்லர் கார்டு. வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள்ள அது கையில இருக்கணும், சட்டம் அப்படி.

பாஸ் பண்றதுக்கும் பாஸ் ஆகிறதுக்கும் தமிழ்ல ஒரே எழுத்துதான், அதை விடுங்க. என் கேள்வி வேற. அந்தப் பையன் பஸ்ல உட்கார்ந்து படிக்கிற அந்த நேரம் யாருடைய நேரம்? கடையுடையதா, அவனுடையதா? பரீட்சைக் காசு யார் பையிலிருந்து போகணும்? இதுக்குப் பதில் கிடைக்க அமெரிக்காவுல நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

முதல்ல 1906-க்குப் போவோம். நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட், அங்க ஆய்ஸ்டர் பே-ன்னு பணக்காரங்க கோடை கழிக்கிற ஊர். சார்ல்ஸ் வாரன்னு ஒரு வங்கிக்காரர் அங்க வீடு எடுத்துக் குடும்பத்தோட தங்கியிருக்கார். வீட்டுல இருந்த 11 பேர்ல 6 பேருக்கு டைஃபாய்டு. டைஃபாய்டுன்னா அந்தக் காலத்துல ஏழைங்க தெருவுல வர்ற வியாதின்னு நினைப்பு, அதனால ஊரே அதிர்ந்து போச்சு. ஜார்ஜ் சோப்பர்னு ஒரு சுகாதாரப் பொறியாளரைக் கூப்பிட்டாங்க. தண்ணி, பால், சிப்பி எல்லாத்தையும் சந்தேகப்பட்டுப் பார்த்துட்டு, கடைசியில அவர் வந்து நின்ன இடம் சமையல்காரம்மா. பேரு மேரி மாலன். அயர்லாந்துல இருந்து பிழைக்க வந்தவங்க. அவங்க செய்யுற பீச் பழ ஐஸ்கிரீம் ரொம்பப் பிரசித்தமாம். அடுப்புல ஏத்தாத பண்டம், அதுல கிருமி சாக வழியே இல்லைன்னு சோப்பர் கணக்குப் போட்டார்.

மேரிக்கு ஒரு நாள்கூட டைஃபாய்டு காய்ச்சல் வந்ததா அவங்களுக்கு ஞாபகம் இல்லை. நல்லா இருக்கிற உடம்பு கிருமியைச் சுமக்க முடியும்ங்கிற விஷயமே அன்னைக்கு மருத்துவர்களுக்கே புதுசு. திடீர்னு ஒரு ஆள் சமையற்கட்டுக்குள்ள வந்து "உங்க மலம், சிறுநீர், ரத்தம் எல்லாம் பரிசோதனைக்கு வேணும்"னு கேட்டா? அவங்க இறைச்சி குத்துற பெரிய முள்கரண்டியை எடுத்துக்கிட்டுத் துரத்தினாங்க. எனக்கு இதுல மேரி பக்கம்தான் மனசு போகுது, ஒத்துக்கிறேன்.

1907-ல போலீஸ் வெச்சுப் பிடிச்சு, நார்த் பிரதர்ங்கிற தீவுல அடைச்சாங்க. 1910-ல இனிமே சமைக்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டு விட்டாங்க. ஆனா வேற வேலை? துணி துவைக்கிறதுல வர்ற கூலி சமையலுக்கு வர்ற சம்பளம் மாதிரி இல்லை. 1915-ல ஒரு மகப்பேறு மருத்துவமனையில 25 பேருக்கு டைஃபாய்டு, 2 பேர் சாவு. சமையற்கட்டுல விசாரிச்சா, பேரை மாத்திக்கிட்டு வேலை செஞ்சது மேரி. மறுபடி அதே தீவு. 1938 நவம்பர்ல சாகுற வரைக்கும் அங்கேயே. ரெண்டு தடவையும் சேர்த்தா 26 வருஷம். அவங்க இறக்கும்போது நியூயார்க் அதிகாரிகள் கையில இதே மாதிரி கிருமி சுமக்கிற 400-க்கு மேற்பட்டவங்க பட்டியல் இருந்தது. அவங்க யாரையும் இப்படி ஆயுசு முழுக்கத் தீவுல வைக்கல.

மேரி சமையல் விட்டு வேற தொழில் கத்துக்க யாராவது பணம் கொடுத்திருந்தா ரெண்டாவது தொற்று நடந்திருக்குமா? அப்படி யோசிக்க அன்னைக்கு ஆள் இல்லை. தடை மட்டும் இருந்தது. தடையோட செலவு முழுக்க அந்தம்மா தலையில.

இதுக்கப்புறம் பல அமெரிக்க நகரங்கள்ல ஓட்டல் வேலைக்காரங்களுக்கு மருத்துவப் பரிசோதனை, அதுக்கொரு சுகாதார அட்டைன்னு வந்தது. அதுல ஒரு ஓட்டை இருக்கு. திங்கக்கிழமை பரிசோதனை பண்ணின உடம்புக்குச் செவ்வாய்க்கிழமை நோய் வரலாமே. அதனால மெல்ல மெல்லக் கேள்வி உடம்புல இருந்து மூளைக்கு மாறிச்சு: "உனக்கு நோய் இருக்கா?"ங்கிறது போய், "உனக்கு என்ன தெரியும்?"னு ஆச்சு. வாஷிங்டன் மாநிலம் 1957-லயே உணவு வேலைக்காரங்க எல்லாருக்கும் அனுமதி அட்டை வேணும்னு சட்டம் போட்டுடுச்சு.

அந்த வாஷிங்டன்லதான் அடுத்த அடி விழுந்தது.

1993 ஜனவரி. ஜாக் இன் தி பாக்ஸ்ங்கிற பர்கர் கடைத்தொடர், "மான்ஸ்டர் பர்கர்"னு ஒரு சலுகை போட்டு விற்பனை பிச்சுக்கிட்டுப் போகுது. சியாட்டில் மருத்துவமனைகளுக்கு ரத்த வயித்துப்போக்கோட குழந்தைகள் வர ஆரம்பிச்சாங்க. காரணம் ஈ.கோலை ஓ157:எச்7 பாக்டீரியா. மாட்டுக் குடல்ல இருக்கும், மாட்டை ஒண்ணும் பண்ணாது. மனுஷனுக்கு, அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு, சிறுநீரகத்தையே நிறுத்திடும். நாலு மாநிலங்கள்ல 700 பேருக்கு மேல நோய்வாய்ப்பட்டாங்க. நாலு குழந்தைகள் இறந்து போச்சு. பிழைச்ச பலருக்கும் உறுப்புகள்ல ஆயுசுக்கும் பாதிப்பு.

ஒரு துண்டுக் கறியில கிருமி மேல்பரப்புலதான் ஒட்டியிருக்கும், சூடு பட்டதும் செத்துடும். அதையே கொத்துக்கறியா அரைச்சா மேல இருந்தது நடுவுக்குப் போயிடும். அதனால பர்கருக்கு நடுப்பகுதிச் சூடுதான் கணக்கு. மத்திய அரசு அப்போ சொன்னது 140 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 60 செல்சியஸ். வாஷிங்டன் மாநிலம் 1992-லயே அதை 155-ஆக ஏத்தியிருந்தது, சுமார் 68 செல்சியஸ். கடைத்தொடர் மத்திய அரசின் கணக்குலயே வெந்துக்கிட்டிருந்தது. மாநில விதி எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு முதல்ல சொன்னாங்க. அப்புறம் பார்த்தா, அறிவிப்பு அவங்களுக்கு வந்து சேர்ந்திருக்கு.

இங்க கொஞ்சம் நில்லுங்க. அட்டைச் சட்டம் அந்த மாநிலத்துல 36 வருஷமா இருக்கு. கல்லு முன்னாடி நின்ன பசங்களுக்கும் அந்தச் சட்டம்தான். ஆனா கல்லுல பர்கர் எத்தனை நேரம் இருக்கணும்னு முடிவு பண்ணினது அந்தப் பசங்களா? இல்லை. தலைமை அலுவலகம். பரீட்சை எழுதினது ஒருத்தர், கடிகாரத்தைத் திருப்பினது வேற ஒருத்தர்.

அந்த வருஷமே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஃபுட் கோடுன்னு ஒரு மாதிரி விதித்தொகுப்பை வெளியிட்டது, கொத்துக்கறிக்கு 155 அதுல வந்தது. கடையில பொறுப்புல இருக்கிறவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்னும் சொன்னது. 1994-ல வேளாண் துறை, கொத்துக்கறியில இந்த ஈ.கோலை இருந்தாலே அது கலப்படம்தான்னு அறிவிச்சது. என்னைக் கேட்டா, குழந்தைகளை அதிகம் காப்பாத்தினது இந்தக் கடைசி முடிவுதான். ஏன்னா அது பொறுப்பை இறைச்சி ஆலை வாசல்லயே வெச்சது.

பயிற்சியும் பரீட்சையும் இன்னொரு பக்கம் தனி வியாபாரமா வளர்ந்துச்சு. அதுல ரெண்டு மாடி உண்டு. மேல் மாடி மேலாளர் தேர்வு. அது கண்டிப்பானது. செர்வ்சேஃப்ங்கிற பிரபலமான தேர்வையே எடுத்துக்குங்க. முதல் தடவை போச்சுன்னா 30 நாளுக்குள்ள இன்னொரு தடவை எழுதலாம். அதுவும் போச்சுன்னா 60 நாள் காத்திருக்கணும். ஒரு வருஷத்துல நாலு தடவைக்கு மேல வாய்ப்பு இல்லை. கொரோனா காலத்துக்கப்புறம் வீட்டுல இருந்தே எழுதுறது பரவலாச்சு, ஆனா கேமரா வழியா ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. முன்கூட்டி நேரம் குறிக்கணும், அடையாள அட்டை காட்டணும், அறையைச் சுத்திக் காட்டணும், வேற யாரும் உள்ள வரக் கூடாது. ஒரே அறையில நாலு பேர் தங்கியிருக்கிற சமையல்காரருக்கு ஆளில்லாத அறைங்கிறதே பரீட்சைக்கு முந்தின பரீட்சை.

கீழ் மாடிதான் நம்ம பஸ் பையனுடைய அட்டை. இது ரொம்பச் சுலபம். பாதியில நிறுத்தலாம், தோத்தா திரும்ப எழுதலாம். 2010-ல கலிஃபோர்னியாவுல இதைக் கட்டாயமாக்கின மசோதாவைக் கொண்டு வந்தவர் அலெக்ஸ் பாடியா, இன்னைக்கு அமெரிக்க செனட்டர். குறைஞ்சது 40 கேள்வி, 70 சதவீதம் எடுத்தா தேர்ச்சி, மூணு வருஷத்துக்குச் செல்லும். 15 டாலருக்கு மேல போகாத ஒரு வழியாவது இருக்கணும்னும் விதி. ஏற்கெனவே சொந்த ஏற்பாடு வெச்சிருந்த ரிவர்சைட், சான் பெர்னார்டினோ, சான் டியாகோ கவுண்டிகளுக்கு விலக்கு. முதலாளி காசு கொடுக்கணும்னு மட்டும் அதுல இல்லை. டெக்சாஸ், இல்லினாய்னு மத்த மாநிலங்களும் இதே மாதிரி கட்டாயமாக்கினாங்க.

இப்போ 2023 ஜனவரிக்கு வருவோம். நியூயார்க் டைம்ஸ்ல ஒரு புலனாய்வுக் கட்டுரை வந்தது. செர்வ்சேஃப் யாருடையது? நேஷனல் ரெஸ்டாரண்ட் அசோசியேஷனுடையது, அதாவது ஓட்டல் முதலாளிகளின் சங்கம், 1919-ல தொடங்கினது. அந்தச் சங்கம் 2007-ல இந்தப் பயிற்சி வியாபாரத்தைத் தன் கையில எடுத்தது. அப்புறம் மாநிலங்கள்ல பயிற்சியைக் கட்டாயமாக்கச் சொல்லி முயற்சி பண்ணிச்சு. 2010-ல இருந்து 36 லட்சம் தொழிலாளர்கள் எழுதியிருக்காங்க, சங்கத்துக்குச் சுமார் 2.5 கோடி டாலர் வருமானம்னு அந்தக் கட்டுரை கணக்குப் போட்டது. இதே சங்கம்தான் குறைந்தபட்சக் கூலியை ஏத்தக் கூடாதுன்னு அரசியல்வாதிகள்கிட்ட வாதாடுற அமைப்பு. டிப்ஸ் வாங்குற பணியாளருக்கு மத்திய அரசு வெச்ச அடிப்படைக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-ல இருந்து அது நகரவே இல்லை.

கூலி ஏறக் கூடாதுன்னு வாதாடுறவங்களுக்கு, அந்தக் கூலிக்காரங்களே 15 டாலர் 15 டாலரா கொடுத்திருக்காங்க. அவங்கள்ல பலருக்கு அது தெரியாது. சங்கத்தின் தரப்பையும் சொல்லிடணும்: இந்தப் பயிற்சி மக்களுடைய பாதுகாப்புக்குத்தான், வேற நிறுவனங்களும் இதை நடத்துதுங்கிறாங்க. ரெண்டுமே உண்மைதான். ஆனா சந்தையில பெரிய கடை யாருதுங்கிறது வேற விஷயம். அந்தச் சமயத்துல இதை எதிர்த்து உரக்கப் பேசினவங்கள்ல ஒருத்தர் சாரு ஜெயராமன். பேரைக் கேட்டதும் நம்ம ஊர்க் காது நிமிரும். ஒன் ஃபேர் வேஜ் அமைப்பின் தலைவர், செப்டம்பர் 11 தாக்குதல்ல உலக வர்த்தக மையத்து மாடி உணவகம் அழிஞ்சப்போ வேலை இழந்தவங்களைத் திரட்டினதுல இருந்து ஓட்டல் தொழிலாளர்களோடவே இருக்கிறவர்.

அதே வருஷம் அக்டோபர்ல, கலிஃபோர்னியாவுல செனட்டர் மோனிக் லிமோன் கொண்டு வந்த எஸ்.பி. 476 மசோதாவுல ஆளுநர் கையெழுத்துப் போட்டார். 2024 ஜனவரி 1 முதல் அமல். ரொம்பச் சின்னச் சட்டம். பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆகிற செலவு முதலாளியுடையது. படிச்சுப் பரீட்சை எழுதுற நேரம் வேலை நேரம், அதுக்குக் கூலி உண்டு. அந்த நேரத்துல மேசை துடைக்கச் சொல்லக் கூடாது, மத்த வேலையில இருந்து விடுவிக்கணும். அட்டை ஏற்கெனவே இருந்தாத்தான் வேலைன்னும் நிபந்தனை போடக் கூடாது.

பயிற்சியும் பரீட்சையும் சேர்ந்து ரெண்டு, ரெண்டரை மணி நேரம்தான். அதுக்கு ஒரு சட்டமான்னு சிரிக்கலாம். ஆனா பஸ்ல பாஸ் பட்டனை அமுக்கின பையன் இப்போ கடையில, பகல்ல, கூலியோட உட்கார்ந்து அதே வீடியோவைப் பார்க்கலாம். வாஷிங்டன் வேற வழியில போச்சு. அங்க மாநிலம் அனுமதிச்ச ஒரே இணையதளத்துல 10 டாலர் கட்டி எழுதணும். வேற எந்த வலைத்தளத்து அட்டையும் செல்லாது. காசு பொதுச் சுகாதாரத் துறை பக்கம் போகுது, முதலாளி சங்கத்துக்கு இல்லை.

நம்ம நாட்டுல மேரி காலத்து முறையும் இருக்கு, பாடமும் இருக்கு. 2011 விதிகள்படி உணவு வேலை செய்யுறவங்களுக்கு வருஷம் ஒரு மருத்துவப் பரிசோதனை வேணும், டைஃபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் வேணும். 2017-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஃபோஸ்டாக்னு பயிற்சித் திட்டம் தொடங்கினது, 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர்ங்கிற கணக்குல. ஒவ்வொரு ஆளும் தனியா பரீட்சை எழுதணும்னு அது கேட்கல. அடுத்த முறை டீக்கடைக்கோ பிரியாணிக் கடைக்கோ போகும்போது, அந்த 25-ல ஒருத்தர் யாருன்னு கேட்டுப் பாருங்க, பயிற்சிக் காசு யார் கட்டினாங்கன்னும். என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல அதைப் படிச்சுட்டுத் தொடங்கலாம்.