இனக்கலப்பு, பெரிய மூலக்கூறுகளில்

ஓர் அணுவின் எஸ், பி ஆர்பிட்டால்கள் கலந்து சம ஆற்றலுள்ள புதிய ஆர்பிட்டால்கள் உருவாவதைக் கொண்டு, பெரிய மூலக்கூறின் பிணைப்பையும் வடிவத்தையும் அணுவாரியாக விளக்கும் முறை. 1931இல் லைனஸ் பாலிங் இக்கருத்தை விரித்துரைத்தார்.

வகைகள்: எஸ்பி (180°), எஸ்பி2 (120°), எஸ்பி3 (109.5°).

எடுத்துக்காட்டு: புதுக்கோட்டை மாவட்டம் ஆதனக்கோட்டையில் வறுத்து உடைக்கப்படும் முந்திரியின் ஓட்டெண்ணெயில் அனகார்டிக் அமிலம் உள்ளது. பக்கச் சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்புள்ள இதன் வகையில் 22 கார்பன்கள் உண்டு. பென்சீன் வளையத்தில் 6, கார்பாக்சில் தொகுதியில் 1, இரட்டைப் பிணைப்பில் 2 என 9 கார்பன்கள் எஸ்பி2. எஞ்சிய 13 எஸ்பி3. எனவே வளையம் தட்டையாகவும் சங்கிலி நெகிழ்வாகவும் அமைகின்றன. சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு நீங்கிக் கார்டனால் கிடைக்கிறது. இது பிசின், பெயின்ட் தயாரிப்பில் பயன்படுகிறது.

வரம்பு: வளையமெங்கும் பரவிய பை எலக்ட்ரான்களை முழுமையாக விளக்க மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையும் தேவை.