வங்கக் கடலில் இறங்கிய 550 கிலோ



ககன்யான் செய்தியைப் பார்த்துவிட்டு நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "மேலே போறதுதானே சார் கஷ்டம், இறங்குறதுல என்ன இருக்கு?" நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980 ஜூலையில் எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. அதன்பின் 26 ஆண்டுகள் நாம் அனுப்பிக்கொண்டேதான் இருந்தோம். சுற்றுப்பாதைக்குப் போன ஒன்றைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. காரணம் வெப்பம். நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கலத்துக்கு முன்னால் காற்று விலக நேரமில்லாமல் நசுங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப்பின் அடிப்பாகம் சுடுமே, அதேதான். பலரும் இதை உராய்வு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நசுங்கும் காற்றுக்குத்தான் பெரும்பங்கு.

2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி-சி7 ஏற்றிச்சென்ற எஸ்.ஆர்.இ-1 என்ற 550 கிலோ கலம்தான் நம் முதல் முயற்சி. அதன் மூக்கில் கார்பன் பினாலிக். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். குக்கர் கைப்பிடி, பழைய கறுப்பு சுவிட்ச் எல்லாம் பேக்லைட் அல்லவா, அதுவும் பினாலிக் பிசின்தான். அந்த வகைப் பிசினைக் கார்பன் இழைத் துணியில் ஊட்டிக் கெட்டிப்படுத்தினால் இந்தக் கவசம். இது வெப்பத்தை எதிர்த்து நிற்பதில்லை. மேற்பரப்பு கரிந்து, வாயுவாகி, வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே இருப்பது பிழைக்கும்.

மற்றப் பரப்பில் சிலிக்கா ஓடுகள், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தில் உருவானவை. மணலில் உள்ள அதே சிலிக்காதான், ஆனால் மெல்லிய இழைகளாக. விருத்தாசலத்துப் பீங்கானைக் கையில் எடுத்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். இந்த ஓடோ தக்கை மாதிரி. உள்ளே பெரும்பாலும் காற்று என்பதால் வெப்பம் கடந்து போக வழி கிடைப்பதில்லை.

அப்போது எல்லோர் மனத்திலும் கொலம்பியா இருந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் திரும்பி வரும் வழியில் போனார்கள். ஏறும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்து விழுந்த ஒரு நுரைத்துண்டு இடது இறக்கையின் வெப்பக் கவசத்தை உடைத்திருந்தது. பதினாறு நாள் அதன் விபரீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. கவசத்தில் ஓர் ஓட்டை போதும்.

எஸ்.ஆர்.இ-1 ஜனவரி 22 காலை இறங்கியது. காற்றே பெரும்பகுதி வேகத்தைக் குறைத்துவிட, 5 கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட் விரிந்து, 9.46 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் கடலில் விழுந்து மிதந்தது. முதுநகர் துறைமுகத்தில் நின்றால் தெரிகிற அதே வங்கக் கடல்தான், சற்று வடக்கே. கடலோரக் காவல் படையும் கடற்படையும் போய் எடுத்துவந்தன.

2014 டிசம்பர் 18-இல் மனிதர் அமரும் அளவிலான, மூன்றரை டன்னுக்கும் மேற்பட்ட ஆளில்லாக் கலம் அந்தமான் பக்கம் இறங்கியது. அது சுற்றுப்பாதை வரை போகவில்லை, 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்தே திரும்பியது. முழு வேகத்தில், உள்ளே ஆட்களோடு வரும் சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். மதியத் தூக்கம் முடிந்து பதில் போடுகிறேன்.