29.5 மணி நேரம் - ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர்களின் கதை



போன வாரம் கணக்குப்பதிவியல் வகுப்பில் இரண்டு சரிக்கட்டுதல்கள் போட்டோம். ஒன்று "முன்கூட்டிப் பெற்ற வருமானம்". இன்னொன்று "கொடுபட வேண்டிய சம்பளம்". இரண்டும் பொறுப்புகள் பக்கம் வரும் என்று எழுதிவிட்டு கேன்டீனுக்கு ஓடிவிட்டோம். இந்த இரண்டு வரிகளும் சேர்ந்து சுமார் 4,000 ஆசிரியர்களை நடுத்தெருவில் நிறுத்திய கதை ஒன்று உண்டு. இன்று அதைப் பற்றித்தான்.

ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் பேசிப் பழக்க 1987ல் அந்நாட்டு அரசு 'ஜெட்' திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டு வந்தவர்கள் 848 பேர். இன்னொரு பக்கம் 'எய்காய்வா' எனப்படும் தனியார் பேச்சு ஆங்கிலப் பள்ளிகள் ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் முளைத்தன. அதில் பெரியது 1981ல் ஒசாகாவில் தொடங்கிய நோவா. இளஞ்சிவப்பு முயல்தான் அதன் விளம்பர முகம்!

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பல நாடுகளிலிருந்து பட்டம் முடித்த கையோடு இளைஞர்கள் வந்தார்கள். நம் வயதுதான்.

விசா விஷயம் கொஞ்சம் சிக்கலானது. தனியார் பள்ளியில் கற்பிக்க ஒரு வகை அனுமதி, அரசுப் பள்ளிக்கு வேறு வகை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதில் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். கை செலவுக்கு ஹோட்டலில் தட்டு கழுவுவதும் அனுமதியில்லாமல் முடியாது. முதலாளியை மாற்றலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் விசாவைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். பலருக்கு வீடும் கம்பெனி பிடித்துக் கொடுத்ததுதான். விசா, வீடு, சம்பளம் மூன்றும் ஒரே இடத்தில் மாட்டியிருந்தால் எதிர்த்துப் பேச எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஜப்பானில் சட்டப்படி வார வேலை நேரம் 40 மணி. முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் முக்கால் பங்காவது உழைப்பவரை மருத்துவ, ஓய்வூதியக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பது 1980 முதல் இருந்த வழிகாட்டுதல். முக்கால் பங்கு என்றால் 30 மணி. சந்தாவில் பாதியை முதலாளி கட்ட வேண்டும். பிறகு பல பள்ளிகளின் ஒப்பந்தங்களில் ஒரு அதிசய எண் தோன்றியது: வாரம் 29.5 மணி!

எப்படிச் சாத்தியம்? ஒரு உதாரணக் கணக்கு. பாடம் 40 நிமிடம், ஒரு நாளைக்கு 8 பாடம், வாரம் 5 நாள். மொத்தம் 26 மணி 40 நிமிடம். ஒவ்வொரு பாடத்தோடும் 10 நிமிடம் இடைவெளி. அதில் மாணவர் பற்றிக் குறிப்பு எழுதி, அடுத்த பாடத்துக்குப் புத்தகம் எடுக்க வேண்டும். அதையும் சேர்த்தால் 33 மணி 20 நிமிடம். அந்த 10 நிமிடம் வேலையா, ஓய்வா? ஓய்வு என்று சொன்னால் சம்பளமும் மிச்சம், காப்பீடும் மிச்சம்.

2007ல் நோவா சரிந்தது. மாணவர்களிடம் பாடங்களை மொத்தமாக விற்று முன்பணம் வாங்குவது அதன் வழக்கம். பாதியில் விலகியவர்களுக்குக் குறைத்துப் பணம் திருப்பியது செல்லாது என்று ஏப்ரல் 2007ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூனில் புதிய நீண்டகால ஒப்பந்தங்கள் போட அரசு ஆறு மாதம் தடை விதித்தது. புதுப் பணம் நின்றதும் பழைய பள்ளம் தெரிந்துவிட்டது. சம்பளம் தாமதமாகி, பிறகு நின்றே போனது. சம்பளத்தில் வாடகை பிடித்தும் அது வீட்டுக்காரருக்குப் போய்ச் சேராததால் சிலர் வீட்டையும் இழந்தார்கள். அக்டோபர் 26ல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. சாப்பாட்டுக்குப் பதில் பாடம் நடத்தும் ஏற்பாட்டைத் தொழிற்சங்கம் செய்தது. ஆஸ்திரேலியர்கள் ஊர் திரும்ப குவாண்டாஸ் விமானக் கட்டணத்தைக் குறைத்தது.

எல்லோரும் பயந்து ஓடிவிடவில்லை. அதே 2007 டிசம்பரில் பெர்லிட்ஸ் ஆசிரியர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நிறுவனம் சங்கத்தின் மீது நஷ்டஈடு வழக்குப் போட்டது. 2012ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

காப்பீட்டு விதியும் மாறியது. 2016 அக்டோபரில், 500 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் வாரம் 20 மணி வேலை செய்தாலே காப்பீடு என்றானது (சம்பள வரம்பு போன்ற நிபந்தனைகள் உண்டு). 2022ல் 100 பேருக்கு மேல், 2024ல் 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கும் அது வந்தது. அங்கெல்லாம் 29.5 என்ற எண்ணுக்கு இப்போது மவுசு இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். நோவா தராமல் விட்ட சம்பளமாவது "கொடுபட வேண்டியது" என்று ஏட்டில் ஏறும், சட்டப்படி கேட்கலாம். அந்தப் பத்துப் பத்து நிமிடங்கள் எந்த ஏட்டிலும் ஏறவே இல்லை. ஏறாத கடனை யார் தீர்ப்பது?

நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் துபாய், சிங்கப்பூர் என்று விண்ணப்பம் போடத்தான் போகிறோம். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நேரத்தை எப்படி எண்ணுகிறார்கள், வேலை போனால் விசா என்னாகும் என்றும் கேளுங்கள்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!