போட்டிக்கு வராததற்குப் பரிசு!

1930-ம் ஆண்டு மே மாதம். இத்தாலியைச் சுற்றிவரும் 'ஜிரோ தித்தாலியா' சைக்கிள் பந்தயம் சிசிலித் தீவின் மெசினா நகரில் தொடங்கியது. முந்தைய மூன்று ஆண்டுகளும் அதை வென்ற அல்ஃபிரெடோ பிந்தா அங்கே இல்லை. அவருக்குக் காயமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வராமல் இருப்பதற்காக 22,500 லிரா வாங்கியிருந்தார். கொடுத்தது வேறு யாருமல்ல, பந்தயத்தை நடத்திய 'லா கஸெட்டா தெல்லோ ஸ்போர்ட்' பத்திரிகைதான்!

பிந்தா 1902-ல் வரேசே அருகே சித்திலியோ என்ற சிற்றூரில் பிறந்தவர். பிழைப்புக்காக பிரான்ஸின் நீஸ் நகருக்குப் போய், சுவர்ப் பூச்சு வேலை பார்த்தபடியே பந்தயங்களில் ஓடினார். 1925-ல் முதன்முறையாக ஜிரோவில் இறங்கியவர், 32 வயது கோஸ்தாந்தே ஜிரார்தெங்கோவைத் தோற்கடித்தார். இத்தாலியர் தலையில் வைத்துக் கொண்டாடிய நாயகன் ஜிரார்தெங்கோ. அவரை வீழ்த்திய பையனை ரசிகர்கள் லேசில் மன்னிப்பார்களா?

அன்றைய சைக்கிளில் கியர் மாற்றும் வசதி கிடையாது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, செயினை ஏற்ற வேண்டும். கையெல்லாம் எண்ணெய்க் கறை. பிறகு மண்சாலையில் ஏற்றம். மற்றவர்கள் உடம்பை முறுக்கி நெளிந்து ஏற, பிந்தா அலுங்காமல் மிதிப்பார். முதுகில் பால் கோப்பையை வைத்தாலும் சிந்தாது என்பார்கள்.

அந்த அழகே அவருக்கு எதிரியானது என்பேன். கஷ்டப்படுவது தெரிந்தால்தானே கூட்டம் உருகும்? 1927-ல் 15 கட்டங்களில் 12 அவருக்கு. 1929-ல் தொடர்ந்து எட்டு. அந்த ஆண்டு மிலானில் வெற்றியோடு வந்தவரைக் கூட்டம் கூச்சலிட்டு வரவேற்றது.

பத்திரிகை விற்பதற்காக 1909-ல் தொடங்கிய பந்தயம் இது. ஜெயிக்கப்போவது யார் என்று முன்பே தெரிந்துவிட்டால் காலையில் பேப்பரை யார் வாங்குவார்கள்? முதல் பரிசோடு பல கட்டங்களின் பரிசையும் கூட்டி, அதற்கு ஈடான தொகையை பிந்தாவிடம் கொடுத்து ஒதுங்கச் சொன்னார்கள். கோப்பை 21 வயது லுய்ஜி மார்கிசியோவுக்குப் போனது. பிந்தா சும்மா இருக்கவில்லை. அதே கோடையில் பிரான்ஸ் பந்தயத்தில் இரண்டு கட்டங்களை வென்று பாதியில் விலகினார்; பிறகு பெல்ஜியத்தின் லியேஜில் உலகச் சாம்பியன் பட்டத்தை இரண்டாம் முறையாக வென்றார்.

மக்கள் மனம் அதற்குள் 'மனித ரயில் எஞ்சின்' லெயார்கோ குவேரா பக்கம் சாய்ந்திருந்தது. ஜிரோவில் முன்னணி வீரருக்கு இளஞ்சிவப்புச் சட்டை தரும் வழக்கம் 1931-ல் வந்தபோது, முதலில் அதை அணிந்தவர் குவேராதான். பிந்தா 1933-ல் ஐந்தாவது ஜிரோவை வென்று பதில் சொன்னார். 1936-ல் மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் விழுந்து தொடையெலும்பு முறிய, ஓட்டம் முடிந்தது.

போருக்குப் பின் இத்தாலிய அணியின் மேலாளராகத் திரும்பினார். அவர் கையில் இப்போது ஒருவரையொருவர் முறைத்துக்கொண்ட இரண்டு நட்சத்திரங்கள்: ஜினோ பர்தாலி, ஃபாஸ்டோ கோப்பி. 1949-ல் இருவரையும் ஒரே அணியில் பிரான்ஸுக்குக் கூட்டிப்போன கதை அடுத்த வாரம்.

(தொடரும்)