டெஸ்டர் சொல்லாத சேதி

முட்டுற மாட்டை அதோட கண்ணைப் பார்த்தே சொல்லிடலாம். பாம்பு சீறும், நாய் உறுமும். கம்பியில கரண்ட் இருக்கா இல்லையாங்கிறதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க மனுஷன் என்னென்ன செஞ்சான்கிறதுக்கு எங்க கொங்குப் பக்கத்துல தொண்ணூறு வருஷக் கதை இருக்கு.

1930-களின் தொடக்கத்தில் நீலகிரி பைக்காராவில் தண்ணீரை உருட்டி மின்சாரம் எடுத்தார்கள். அது முதலில் கோயம்புத்தூர் மில்களுக்குப் போனது. 1937-ல் மேட்டூர் மின்நிலையமும் சேர்ந்தது. 1957-ல் மின்வாரியம் அமைந்த பிறகு கம்பி ஊர் ஊராக நடந்து வந்து கிணத்து மேட்டைத் தொட்டது. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி இறைச்ச இடத்துல மோட்டார் ரூம் வந்துச்சு. ஈரத் தரை, தகர ஸ்டார்ட்டர் பெட்டி, வெறுங்கால். கரண்ட்டுக்கு இதைவிட வசதியான இடம் வேற கிடையாது.

அந்தக் காலத்துல பலபேர் புறங்கையால தொட்டுப் பார்ப்பாங்க. அதுக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. கரண்ட் பாய்ஞ்சா கையோட தசை சுருங்கும். உள்ளங்கையால தொட்டா விரல் மடங்கி கம்பியையே பிடிச்சுக்கும். புறங்கைன்னா விலகி வரும்னு நம்பிக்கை. ஈரக் காலோட நிக்கிறவனுக்கு அந்த நம்பிக்கை கை கொடுக்காது. யாரும் செஞ்சு பார்க்காதீங்க.

அடுத்து வந்தது டெஸ்ட் லேம்ப். ஹோல்டர்ல குண்டு பல்பு, ரெண்டு வயர், அவ்வளவுதான். விவரமான வயர்மேன் ரெண்டு பல்பைத் தொடராக் கட்டி வெச்சிருப்பார். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட். ரெண்டு பேஸுக்கு நடுவுல 400 வோல்ட்டுக்கு மேல. ஒத்தை பல்பைக் கொடுத்தா மூஞ்சியிலேயே வெடிக்கும்.

அப்புறம் சட்டைப் பையில் குத்திக்கிற டெஸ்டர். 1898-ல் லண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்த நியான் வாயுதான் அதுக்குள்ள இருக்கிற குட்டி விளக்குல எரியுது. முனையைக் கம்பியில வெச்சு, தலையில இருக்கிற உலோகத்தை விரலால தொட்டா, துளியூண்டு கரண்ட் நம்ம உடம்பு வழியாப் போய் விளக்கு எரியும். அந்தக் கரண்ட்டைத் துளியூண்டா அடக்கி வெச்சிருக்கிறது உள்ளே இருக்கிற ஒரு ரெசிஸ்டர். மலிவு டெஸ்டரை ஸ்குரூ டிரைவராத் திருகி, சுத்தியலா அடிச்சு, மழையில நனைய விட்டா, அந்த ரெசிஸ்டர் மேல உயிரை வெக்க முடியுமா? உச்சி வெயில்ல அந்தச் சிவப்பு வெளிச்சம் கண்ணுக்கும் தெரியாது.

இப்போ வந்திருக்கிறது தொடாமலே சொல்ற பேனா டெஸ்டர். மின்னழுத்தம் இருக்கிற கம்பியைச் சுத்தி ஒரு மின்புலம் இருக்கும். வயர் மேல இருக்கிற பிளாஸ்டிக்கைத் தாண்டி அதை மோப்பம் பிடிச்சுக் கத்தும். உண்மையிலேயே நல்ல சாமான். ஆனா இரும்புக் குழாய்க்குள்ள போற வயரை அதால மோப்பம் பிடிக்க முடியாது. பேட்டரி தீர்ந்தாலும் கத்தாது. பக்கத்துக் கம்பியோட புலத்தைப் பார்த்து, செத்த கம்பியில கரண்ட் இருக்குன்னு பொய்யும் சொல்லும். அதனால முதல்ல கரண்ட் இருக்கிற ஒரு பிளக்ல காட்டணும், அப்புறம் வேலை செய்ற கம்பியில, திரும்பவும் அதே பிளக்ல. மூணு தடவை. டெஸ்டர் சும்மா இருக்கிறதுக்கு அர்த்தம் கரண்ட் இல்லைங்கிறதா, டெஸ்டர் செத்துப் போச்சுங்கிறதான்னு அப்பத்தான் தெரியும்.

இந்தத் தொண்ணூறு வருஷத்துல புறங்கையில இருந்து பேனா வரைக்கும் கருவி மாறிச்சு. எல்லாக் கருவியும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லுது: இந்த நொடி கரண்ட் இருக்கா? எங்க கேள்வி வேற. அடுத்த நொடி வருமா?

நகரத்துல இருக்கிறவங்களுக்கு இது புரியணும்னா மும்முனை மின்சாரத்தைப் பத்திச் சொல்லணும். மோட்டாருக்கு மூணு பேஸும் வேணும். ஒண்ணு இல்லாட்டியும் அது ஓடாது, மத்த ரெண்டுல உயிர் இருக்கும். “மோட்டார் ஓடலை, கரண்ட் இல்லை”ன்னு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறவன் அங்கேதான் மாட்டிக்கிறான். மூணுமே நின்னிருந்தாலும், எந்த நேரம் திரும்ப வரும்னு கம்பிக்கே தெரியாது. டெஸ்டர் சும்மா இருக்கும்போது கையை வெச்சவன், ரெண்டு நிமிஷம் கழிச்சும் கையை அங்கேயேதான் வெச்சிருப்பான்.

அதுக்குப் பதில் சொல்றது கிராமத்துப் பழைய வழக்கம் ஒண்ணுதான். மெயினை இறக்கி, மூணு பியூஸ் கட்டையையும் பிடுங்கி, வேட்டி மடிப்புல கட்டிக்கிறது. கட்டை என் மடியில இருக்கிற வரைக்கும் வேற எவனும் மெயினைத் தூக்கினாலும் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. ஆனா கட்டைக்கு மேல், மெயின் வரைக்கும் வர்ற கம்பி அப்பவும் உயிரோடதான் இருக்கும். அங்கே கை வெக்கிறது லைன்மேன் வேலை.

உங்க வீட்டுலயும் அதே கணக்குதான். பேனாவை வாங்கி வெச்சுக்குங்க. ஆனா சுவிட்சு போர்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி மெயினை இறக்கி, இறக்கினதை வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் சத்தமாச் சொல்லிடுங்க.