பெரிய மேளம் நடந்த வழி

மாசி மகத்தை முன்னிட்டு ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் தம்முடைய சந்நிதியை விட்டுப் புறப்பட்டு, வழியிலுள்ள ஊர்களெல்லாம் சேவிக்கும்படி நெடுந்தூரம் எழுந்தருளி, பரங்கிப்பேட்டைக்குத் தெற்கேயுள்ள கிள்ளையை அடுத்த முழுக்குத்துறையில் கடலாடும் வழக்கத்தை இந்தப் பிரதேசத்தார் யாவரும் அறிவர். கிள்ளைத் தைக்காலில் இஸ்லாமியப் பெருமக்கள் பெருமாளை எதிர்கொண்டு மரியாதை செய்வதையும், அந்த உபசாரத்தை ஏற்றுக்கொண்டு அவர் தீர்த்தவாரிக்குச் செல்வதையும் வெளியூர்ப் பத்திரிகைகள்கூட வியந்து எழுதியிருக்கின்றன. எனினும், பல்லக்குக்கு முன்னே வழியெல்லாம் நடந்துகொண்டே வாசிக்கும் மேளக்காரரைப் பற்றி ஒரு வரி சேர்ப்பது மட்டும் பெரும்பாலோருக்குத் தோன்றுவதில்லை. மேளம் எழும்பாமல் சுவாமி எழும்புவதில்லை என்பது தமிழ்நாட்டுக் கோயில்களின் அடிப்படைச் சம்பிரதாயம். அந்த மேளத்தை வாசித்தவர்களுடைய ஏற்றமும் இறக்கமுமே இக்கட்டுரையின் பொருள்.

பெரிய மேளம் என்பது நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு கூட்டு. ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, அதன் அடியில் விரிந்த அணசு, மேலே கெண்டையில் பொருத்திய சீவாளி, தேவைக்குத் தக்கபடி மெழுகால் அடைத்துச் சுருதி சேர்த்துக்கொள்ளும் பக்கத் துவாரங்கள் ஆகிய இவ்வளவும் கூடியதே நாகஸ்வரம். பலா மரத்தில் குடைந்த தவிலின் ஒரு முகத்தைக் கழியாலும் மற்றொரு முகத்தைக் கூடு மாட்டிய விரல்களாலும் தட்டுகிற தவில்காரர், மணிக்கணக்கில் அந்தப் பாரத்தைத் தோளில் சுமந்துகொண்டே நடக்க வேண்டும். ஒத்து ஊதுபவனுக்கோ மூச்சை மாற்றுவது தெரியாமல் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பதுதான் வித்தை. இளம் பிள்ளைகள் அந்த ஒத்தை ஊதிக்கொண்டு பெரியவர்களுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் நடந்தே ராகங்களைக் காதில் ஏற்றிக்கொண்டார்கள். இந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் வீதிதான் என்பதை மனத்தில் கொண்டால் பின்னால் நேர்ந்தவை யாவும் விளங்கும்.

சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகள் அத்தகைய பள்ளிக்கூடங்களில் சிறந்தவை. ஆனியிலும் மார்கழியிலும் பத்து நாள் உற்சவம். ஒன்பதாம் நாள் மூலமூர்த்தியாகிய நடராஜப் பெருமானே தேரில் ஏறி வீதிக்கு வருகிறார். அன்றிரவு ஆயிரங்கால் மண்டபத்தில் எழுந்தருளி, மறுநாள் தரிசனம் தந்து சிற்சபைக்குத் திரும்புகிறார். கீழை வீதியில் வடம் பிடித்த தேர் மேலை வீதிக்கு வரும்போது, கஞ்சித்தொட்டி முனையில் பருவத ராஜ குலத்து மீனவர்கள் மண்டகப்படி நடத்திச் சீர் செலுத்துவது இவ்வூருக்கே உரிய பெருமை. புறப்பாட்டின்போது முதலில் தவில் முழங்க, அதன்மேல் கம்பீர நாட்டையில் மல்லாரி எழும். சாகித்தியம் இல்லாமல் தாளத்தின் கட்டுக்கோப்பிலேயே உயிர் வாழ்வது மல்லாரி. தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி என்று கோயிலில் நிகழும் காரியத்துக்குத் தக்கபடி அதற்கு வகைகள் உண்டு; மல்லாரியைக் கேட்ட மாத்திரத்தில், உள்ளே என்ன நடக்கிறது என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரும் சொல்லிவிடலாம்.

மல்லாரி முடிந்து சுவாமி வீதிக்கு வந்த பின்னரே வித்துவானுடைய சொந்த ராஜ்யம் தொடங்கும். தீவட்டியின் வெளிச்சத்தில், பிற்காலத்தில் காஸ் விளக்கின் வெளிச்சத்தில், ஒரு வீதி முழுவதற்கும் ஒரே ராகத்தை எடுத்துக்கொண்டு, சுவாமி நின்ற இடத்தில் தாமும் நின்று, சுவாமி நகர்ந்தால் தாமும் நகர்ந்து, ஆலாபனை, ரக்தி, பல்லவி என்று விரித்துச் சென்று, கோபுர வாசலுக்குத் திரும்புகையில் எச்சரிக்கை வாசித்து, பள்ளியறையில் நீலாம்பரியால் உறங்கவைக்கிற அந்தக் கிரமத்தில் காலக் கணக்கு என்பது இல்லை. கேட்பவர்களும் கட்டணம் கொடுத்து ஆசனம் பெற்றவர் அல்லர்; வயலிலிருந்து வந்த உழவரும், கடலிலிருந்து வந்த மீனவரும், கடையைப் பூட்டிவிட்டு வந்த வியாபாரியும் நின்றபடியே கேட்டார்கள். இவ்வளவு நீண்ட நேரமும் இவ்வளவு பரந்த சபையும் வாய்ப்பாட்டுக்குக்கூட அக்காலத்தில் வாய்த்ததில்லை. கர்நாடக சங்கீதத்தில் ராக ஆலாபனை இத்தனை விஸ்தாரம் பெற்றதற்கு நாகஸ்வரக்காரர்களே முக்கியமான காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்த இசைக்கு இருந்த மதிப்பு அதை வாசித்த மனிதருக்கு இருக்கவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சட்டையில்லாத உடம்போடு பிரபுக்களுக்கு முன்னால் நின்று வாசிப்பதே வழக்கமாயிருந்தது. பாடகருக்குச் சமமாக மேடையில் உட்காரும் உரிமையைப் பெரும்பாலான சபைகள் அவருக்கு அளிக்கவில்லை. ஜீவனத்துக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. கட்டளைதாரர்களின் உதவி இருந்தது. தஞ்சை ஜில்லா மிராசுதார்களின் வீட்டுக் கலியாணங்களும் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய பெரிய வைபவங்களும் இருந்தன. வயிறு நிரம்பியது, மனம் குனிந்தது. இந்த நிலை சரியானதென்று சொல்வதற்கு இன்று எவருக்கும் நா எழாது.

குனிந்திருந்த அந்தத் தொழிலை நிமிரச் செய்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898-ஆம் ஆண்டில் பிறந்த அவர், கிராப்பு வைத்து, சட்டையும் கோட்டும் காலணியும் தரித்து, வித்துவானுக்குரிய மரியாதை தமக்கு வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டார். கிடைக்காத இடத்தில் வாசிக்க மறுத்தார். அவருக்கு முன்பு வழங்கிய திமிரி நாகஸ்வரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது; வீதிக் கோடி வரையில் எட்டுகிற கூர்மை அதற்கு இருந்தது. அவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியாரைக் கொண்டு நீண்ட பாரி நாகஸ்வரத்தைச் செம்மைப்படுத்தச் செய்து, சுருதியைத் தாழ்த்தி, ஒத்தை விலக்கித் தம்புராவைச் சேர்த்துக்கொண்டார். இசையின் கம்பீரம் இதனால் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், தாழ்ந்த சுருதியும் தம்புராவும் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் உரியவை. வீதியில் நடந்துகொண்டு தம்புரா மீட்ட முடியாது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் ஏற்பட்டன. இசைத்தட்டில் பதிவான அவருடைய தோடி, வீதியையே பாராத வீடுகளுக்குள்ளும் புகுந்தது. மேளம் வீதியை விட்டு மேடைக்கு ஏறிய சரித்திரம் இப்படித் தொடங்கிற்று.

அவருடைய வாழ்விலேயே உயர்வும் சரிவும் அடுத்தடுத்து வந்தன. எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த ‘காளமேகம்’ என்ற படத்தில் 1940-இல் அவர் கதாநாயகராக நடித்தார், படம் ஓடவில்லை. 1947 ஆகஸ்டில், சுதந்திரம் பிறப்பதற்கு முந்தைய மாலையில், திருவாவடுதுறை ஆதீனத்தின் பிரதிநிதிகள் டில்லியில் ஜவஹர்லால் நேருவிடம் செங்கோல் அளித்தபோது முன்னே ஒலித்தது அவருடைய நாகஸ்வரம். இடுப்பில் துண்டு கட்டி நின்ற ஒரு பரம்பரைக்கு அதைவிட உயர்ந்த சபை வேறொன்று இருக்க முடியாது. கை நிறையப் பொருள் ஈட்டியும் அதை நிறுத்திவைக்கும் சுபாவம் அவருக்கு அமையவில்லை. 1956 டிசம்பரில் அவர் மறைந்தபோது தமிழ்நாடு கலங்கியது.

மேளக்காரருடைய மரியாதை உயர்ந்துகொண்டிருந்த அந்த இருபது வருஷங்களிலேயே அவருடைய ஜீவனத்துக்கு ஆதாரமாயிருந்தவை ஒவ்வொன்றாய் நழுவின என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் வருத்தும் பகுதி. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது நகரத்தாருடைய பெருஞ்செல்வம் அங்கேயே நின்றுபோயிற்று; அவர்கள் வீட்டு வைபவங்களின் நீளம் சுருங்கியது. 1947-இல் தேவதாசி முறையை விலக்கும் சட்டம் வந்தது. அச்சட்டம் நியாயமானது, வந்தே தீரவேண்டியது. ஆனால் பெரிய மேளத்தோடு கோயிலில் இணைந்திருந்த சின்ன மேளம் என்னும் தேவதாசியரின் ஆடல் குழு அதனோடு மறைய, ஒரே குடும்பத்தில் ஆணும் பெண்ணுமாகப் பகிர்ந்துகொண்ட சங்கீத ஞானத்தின் ஒரு பாதி கோயிலை விட்டு வெளியேறியது. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டமும் 1963-இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டமும் வந்தன. உழுதவனுக்கு நிலம் சேர்வதை யார் வேண்டாமென்பார்? ஆனால் மிராசுதாரின் பத்து நாள் கலியாணமும் மேளக்காரரின் மானியமும் அதே ஏட்டில்தான் எழுதப்பட்டிருந்தன. ஏட்டை மாற்றி எழுதியவர்கள் மேளக்காரருக்கு வேறு பக்கம் ஒதுக்க மறந்தார்கள்.

இதற்கிடையில் சிதம்பரத்திலேயே சங்கீதத்துக்கு வேறொரு வாசல் திறந்தது. ராஜா அண்ணாமலை செட்டியார் 1929-இல் இசைக் கல்லூரி ஒன்றை அங்கே நிறுவினார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மகாநாடு தமிழ்நாட்டுச் சங்கீத மேடையின் போக்கையே மாற்றியது. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள தில்லைவிடங்கனில் பிறந்த மாரிமுத்தாப் பிள்ளை, சீர்காழி முத்துத்தாண்டவர் முதலியோருடைய பதங்கள் அதனால் புதுவாழ்வு பெற்றன. ஆனால் அந்தத் தமிழிசை இயக்கம் சாகித்தியத்தைப் பற்றியது; சாகித்தியமே இல்லாத மல்லாரிக்கும், சொல்லைத் தாண்டி நிற்கும் ஆலாபனைக்கும் அதனால் நேரான பயன் சிறிதே. குரல் படைத்த இளைஞர்கள் பாட்டுக்குப் போனார்கள். சிதம்பரத்தில் 1917-இல் பிறந்த சி. எஸ். ஜெயராமன் திரையுலகத்துக்குச் சென்று, 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’ முதலிய படங்களில் பாடிப் பெரும்புகழ் எய்தியது இங்கே நினைக்கத்தக்கது.

திரைப்படம் மேளத்துக்கும் சிறிது ஒளி தந்தது. ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம், ‘கொஞ்சும் சலங்கை’யில் வாசித்த வாசிப்பால் 1962-இல் பட்டி தொட்டியெங்கும் அறியப்பட்டார், இரண்டே ஆண்டுகளில் காலமானார். 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைக் கேட்டு நாகஸ்வரத்துக்கு ரஸிகரானவர்கள் பலர். அந்த ரஸிகர்களில் எத்தனை பேர் பின்னர் ஒரு புறப்பாட்டில் நின்று ஒரு வீதி நேரம் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். குலத்துக்கு வெளியிலிருந்தும் ஆண்மக்களுக்கு வெளியிலிருந்தும் வந்தவர்களே இக்காலத்தில் கலைக்குப் புது இரத்தம் பாய்ச்சினார்கள்: ஆந்திரத்தில் கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற ஷேக் சின்ன மௌலானா, பெண்களுக்கு மூச்சு போதாதென்ற வாதத்தை வாசித்தே பொய்யாக்கிய மதுரை பொன்னுத்தாய்.

மேனாட்டு இசைக் குழுக்களின் ஏற்ற இறக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் நம்முடைய வேறுபாடு தெளிவாகும். சுவிட்சர்லாந்தில் சோலோதுர்ன் நகரில் 1975-இல் குரோகஸ் என்றொரு ராக் குழு தோன்றி, 1980-களில் அமெரிக்கா வரையில் பெயர் பெற்று, பின்பு பாடகரும் வாத்தியக்காரரும் மாறி மாறிப் பிரிந்தும் கூடியும் நடந்து, 2019 டிசம்பரில் சூரிச் நகரில் பிரியாவிடைக் கச்சேரி நடத்தியது. அத்தகைய குழுவின் விதி இசைத்தட்டுகளின் விற்பனையிலும் தோழர்களின் மன ஒற்றுமையிலும் அடங்கியிருக்கிறது. பெரிய மேளத்தில் நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் மனம் கசந்து பிரிந்த கதைகள் ஏராளம். ஆனால் மறுநாள் காலையில் சுவாமிக்கு மேளம் உண்டு. ஆளைச் சார்ந்து நில்லாமல் ஊரைச் சார்ந்து நின்ற கலை இது. ஆகையால் ஊரின் பொருளாதாரமும் ஊரின் இரவுப் பொழுதும் மாறியபோது, எவ்வளவு பெரிய வித்துவானாலும் அதைத் தனியே தாங்கி நிறுத்த முடியவில்லை.

இன்று கலியாணத்தில் மேளத்துக்கு உரிய நேரம் முகூர்த்தத்தைச் சுற்றிய சொற்பப் பொழுது. கெட்டிமேளம் முடிந்ததும் ஒலிபெருக்கிக்கு வேறு பாட்டு காத்திருக்கிறது. ஊர்வலங்களில் கேரளத்துச் செண்டை மேளம் முன்னே வருகிறது. சிறிய கோயில்களிலோ, தீபாராதனை வேளையில் மின்சாரத்தால் மணியையும் முரசையும் தானே அடிக்கும் இயந்திரம் ஒன்றைச் சுவரோரம் நிறுத்திவிட்டார்கள். அந்த இயந்திரத்தை வாங்கிக் கொடுப்பவர்கள் பக்தியினால்தான் கொடுக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் அன்றாடச் சோற்றையும் ஒரு சிறுவனின் அப்பியாசத்தையும் அது விழுங்கிவிடுகிறது என்பதை யாரேனும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்படியிருந்தும் கலை அழிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் தவிலுக்கு ஒரு தனி மரபு வளர்ந்தது. 1975-இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்கத் தஞ்சை ஜில்லா வித்துவான்களே காத்திருந்தார்கள். உள்நாட்டுப் போரினால் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் சூரிச்சை அடுத்த அட்லிஸ்வில்லிலும் பேர்ன் நகரிலும் கோயில் எழுப்பியபோது, சுவாமியோடு மேளமும் அங்கே சென்றது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஆச்சா மரம் கிடைப்பது அரிதாகி, இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரங்களைத் தேடி வாங்கியே ஆசாரியார்கள் வாத்தியம் கடைகிறார்கள். கருவி செய்பவருக்கு மரத்தட்டுப்பாடு, வாசிப்பவருக்கோ நேரத்தட்டுப்பாடு. மரத்துக்கு அரசாங்கம் வழி செய்யலாம். நேரத்தைத் தர வல்லவர்கள் உற்சவத்தை நடத்துபவர்களும் அதைக் காண வருபவர்களுமே. சிதம்பரத்துத் தேர் மேலை வீதியில் மண்டகப்படிக்காக நிற்கிறபோதும், கிள்ளையில் பெருமாள் தைக்கால் வாசலில் நிற்கிறபோதும், ஒரு ராகத்தைத் தொடங்கி முடிக்குமளவுக்கு ஒலிபெருக்கிகளை நிறுத்திவைக்கும்படி இவ்விரண்டு ஊர்ப் பெரியவர்களையும் நான் வேண்டிக்கொள்கிறேன்.